சென்னம்மா டிவி

— ஆகாதுன்னா ஆகாது, ஜெயா. கம்ப்யூட்டர் பண்றவங்க கம்ப்யூட்டரோட நிக்கணும். டிவி வேற பொழப்பு.

— இதையே தாங்க்கா நீ கம்பெனி வாசல்லேருந்து இந்தத் திருச்சானூர் லாட்ஜு வரிக்கும் கார்ல சொல்லிக்கினே வந்தே. இப்ப வந்து சேந்துட்டோம்ல? தலையைத் தூக்கிப் பாரு. நாப்பத்தெட்டு நாளா ஓடிக்கினு கீது. நம்ம டிவி. நான் போட்ட சர்க்யூட் போர்டு.

— மெதுவாப் பேசுடா. ஹால் பூரா யாத்திரைக்கு வந்த ஜனம் குந்திக்கினு கீது. எந்தக் கம்பெனி டிவின்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னு தானே சுத்திலும் பலகை அடிச்சி, ஸ்கிரீன் மட்டும் தெரியறாப்புல வெச்சோம்? நீயே தம்பட்டம் அடிக்கிறியே.

— தெரியட்டுமே! நேத்தோட ஒரு மண்டலம் முடிஞ்சிபோச்சு. உன் ரூலு தானே அது? 'எந்தச் சாமானா இருந்தாலும், விக்கறதுக்கு முன்னாடி அந்நிய எடத்துல ஒரு மண்டலம் ஓடணும், செஞ்சவன் கிட்ட வரக் கூடாது.' வந்தேனா நான்? மச்சினி பொண்ணுக்குக் காது குத்தல், இதே தெருவுல. போனேனா? பொண்டாட்டி ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல.

— வராததும் நல்லது தான். வந்தா உன் கை சும்மா இருக்குமா? அத்தத் திருவி, இத்தத் திருவி, சாமானைக் கொன்னுட்டுத் தான் வுடுவே.

— கேளு கேளு, மணி பாரு. பதினொண்ணு இருவது. ரேணிகுண்டா எழிலரசன் நமக்குன்னு ரெண்டாயிரம் ஸ்கிரீன் ஒதுக்கி வெச்சிக்கினு கீறான். பன்னெண்டுக்குள்ள சரின்னு சொல்லணும். இல்லன்னா இன்னொரு கம்பெனிக்காரன் லாரியோட அவன் கேட்டாண்ட நிக்கறான். அப்பால ஒரு வருஷத்துக்கு நமக்கு ஸ்கிரீனும் இல்ல, டிவியும் இல்ல.

— இல்லாட்டிப் போவட்டுமே. அவசரப்பட்டுப் பண்ண காரியம் ஒண்ணு போதும் என் ஆயுசுக்கு.

— ஸ்டெபிலைசரா? பதினஞ்சு வருஷம் ஆச்சுக்கா!

— உனக்கு ஆச்சு. சூடு பட்ட பூனை அடுப்பாண்ட போவாது. அதுவும் உன் யோசனை தான். 'நம்ம பேர்லயே ஸ்டெபிலைசர் வுடலாம்க்கா, சொந்தச் சரக்குக்கா'ன்னு குதிச்சே. இருநூறு பொட்டி வித்தோம். மொத கோடையிலயே ஒண்ணொண்ணா எரிய ஆரம்பிச்சிது. நீ மெட்ராஸ்ல போயி ஒளிஞ்சிக்கினே.

— ஒளியல. ஸ்பேர் வாங்கப் போனேன்.

— மூணு மாசமா ஸ்பேர் வாங்கினே? குடிபாலாலேருந்து விஜயபுரம் வரிக்கும் வூடு வூடாப் போயி, 'தப்பாயிடுச்சுய்யா, மன்னிச்சிடுங்க'ன்னு அத்தினி பொட்டியையும் தூக்கியாந்தவ நானு. ஜனம் போன் பண்ணி இன்னா சொல்லும் தெரியுமா? 'சென்னம்மா பொகையுது, சீக்கிரம் வாங்க.' 'சென்னம்மா எரிஞ்சிட்டா.' அப்ப அம்மா உசுரோட கீது. போனை எடுக்கறதே அம்மா தான்.

— தெரியும்க்கா.

— உனக்கு ஒண்ணியும் தெரியாது. அம்மா போன்ல சிரிச்சிக்கினே, 'நான் தாங்க சென்னம்மா, நல்லாத் தான் கீறேன்'னு சொல்லும். சொல்லிட்டு ரூமுக்குள்ள போயி, முந்தானையை வாயில வெச்சிக்கினு அழுவும். பெத்தவ பேரைக் கம்பெனிக்கு வெச்சிட்டு, அவ காதாலயே அவ சாவைக் கேக்க வெச்சோம். பாவம்டா அது.

— அப்பிடிச் சொல்லாத. ரெட்டிங்க கொல்லையில வேர்க்கடலை புடுங்கின பொம்பளை பேரு, இன்னிக்கி இந்த ஜில்லாவுல எத்தினி ஆபீஸ்ல, எத்தினி பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் மேல எழுதியிருக்கு? அதையும் நாம தானே பண்ணோம்?

— அது கம்ப்யூட்டரு. தா பாரு, இருவத்திரெண்டு வருஷமா சர்வீஸ் போன் எடுக்கறேன். ஜனம் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் நின்னா தன்னைத் தானே திட்டிக்குவான். 'நான் தான் இன்னாவோ அமுக்கிட்டேன் மேடம்'னு பயந்துக்கினே பேசுவான். டிவி நின்னா? செஞ்சவன் வமிசத்தையே இழுப்பான்.

— அது பழைய காலம். இப்ப டிவியே கம்ப்யூட்டர் தாங்க்கா. உள்ள தொறந்து பாத்தா இன்னா கீது? சிப்பு, மெமரி, வைஃபை. நாம இத்தினி வருஷம் கோத்ததே தான். ஸ்கிரீன் பெருசு, கீபோர்டு கெடையாது. அவ்ளோ தான் பாயிண்டு.

— அங்க தான் நீ சறுக்கற. கம்ப்யூட்டரை ஆன் பண்ணிட்டு ஜனம் ஒரு டீ குடிச்சிட்டு வரும். டிவின்னா பட்டனை அமுக்கின ஒடனே படம் வரணும். கருட சேவை காட்டிக்கினு இருக்கசொல்ல, 'அப்டேட் ஆகுது, காத்திருக்கவும்'னு எழுத்து வந்துச்சின்னு வெச்சிக்கோ...

— வராது.

— வந்துச்சின்னா, திருப்பதிலேருந்து சித்தூரு வரிக்கும் கல்லெடுத்துக்கினு நம்ம வாசலுக்கு வருவாங்க.

— வராதுங்கறேன்! எழுதினதே நானு. படம் ஓடசொல்ல நம்ம டிவி வாயே தொறக்காது.

— வாயத் தொறக்காத கம்ப்யூட்டரை நான் இன்னும் பாக்கல. அத்தச் செஞ்சவனையும் பாக்கல.

— சரி, என்னைத் திட்டு. எவ்ளோ வேணா திட்டு. முப்பத்திரெண்டு பொண்ணுங்க கதி இன்னான்னு மட்டும் சொல்லிட்டுத் திட்டு.

— அவங்களை எதுக்குடா இழுக்கற?

— இழுப்பேன். போன மாசம் பூரா எத்தினி கம்ப்யூட்டர் கோத்தோம்? பதினொண்ணு. முப்பத்திரெண்டு பேர் குந்திக்கினு பதினொண்ணு! ஜனமெல்லாம் லேப்டாப்பு, போனுன்னு போயிடுச்சு. உகாதிக்கு அப்பால கோக்கற ரூமை மூடிட்டு, சர்வீஸை மட்டும் வெச்சிக்கலாம்னு சொன்னது யாரு? நானா? நீ.

— நான் தான். சொல்லிட்டு அன்னிக்கிச் சோறு எறங்கல எனக்கு.

— அவங்களுக்கு இனிமே சோறே எறங்காது. விஜயபுரத்துலேருந்து ஆறு மணி பஸ் புடிச்சி வருதுங்க. அம்மாவோட ஒரே வரிசையில களை எடுத்தவங்க பொண்ணுங்க, மருமவளுங்க. ஸ்குரூ டிரைவரைக் கையில புடிச்ச பொண்ணை மறுபடியும் கூலிக்குக் கடலை புடுங்க அனுப்பப் போறியா? அதையும் அம்மா பேர்ல தானே பண்ணுவே?

— வாயை மூடு.

— மூடிட்டேன்.

— நான் யோசிக்கலன்னு நெனச்சியா? டிவி செஞ்சா அம்மா பேரு போவும். செய்யலன்னா அந்தப் பொண்ணுங்க பொழப்பு போவும். நடுவுல மாட்டிக்கினு நான் தான் முழிக்கறேன். உனக்கு இன்னா, போர்டு வேலை செஞ்சிச்சா, கலர் வந்துச்சான்னு குதிச்சிக்கினு கீற.

— கலர்னு சொன்னியே, அங்க பாரு. பாருக்கா! தாயாருக்குக் கட்டியிருக்கற பட்டைப் பாரு. அந்தச் செவப்பைப் பாத்தியா? பெரிய பெரிய கம்பெனிக்காரன் டிவியில கூட செவப்பு இப்பிடி நிக்காது, ஓரத்துல வழிஞ்சிடும். ஆறு மாசம் அந்த ஒரு செவப்போட மல்லுக் கட்டினேன். ஆயிரம் டிவிக்கு நடுவுல வெச்சாலும் என் செவப்பை நான் கண்டுபுடிச்சிடுவேன்.

— நல்லாத் தான் கீது. பொய் சொல்ல மாட்டேன்.

— அப்பிடிச் சொல்லு! தோ, தேன்மொழியும் வந்துட்டா. வாம்மா, வா. இன்னா இப்பிடி மூச்சு வாங்கற?

— ஷேர் ஆட்டோவே கெடைக்கல சார். நடந்தே ஓடியாந்தேன். வணக்கம் மேடம்.

— குந்தும்மா. மொதல்ல தண்ணியக் குடி. நோட்டு எடுத்தாந்தியா?

— எடுத்தாந்தேன் மேடம்.

— என்னை ஊருக்குள்ளயே வுடாம, கோக்கற ரூம் சூப்பர்வைசரை இங்க காவல் வெச்சே இல்லக்கா? தெனம் வந்து பாத்து, நடந்ததை நடந்தபடி எழுதணும்னு. இப்ப அவ வாயாலயே கேளு. என் பேச்சை நம்பாத.

— நம்பல. நீ படிம்மா, தேன்மொழி.

— முழுசாவா மேடம்?

— முக்கியமானதைப் படி போதும்.

— நாலாம் நாளு. கரண்டு அஞ்சி தபா போயி வந்துச்சு. ஒவ்வொரு தபாவும் டிவி தானா வந்துச்சு. பதினோராம் நாளு. ஹால்ல ஏசி வேலை செய்யல, ஒரே வெக்கை. படம் நிக்கல.

— கேட்டியா! வெக்கையில நிக்கல!

— குறுக்கப் பேசாத ஜெயா. நீ மேல படிம்மா.

— இருவதாம் நாளு, சனிக்கெழம. கூட்டம் தாங்கல. ஒரு பாப்பா பந்தை எறிஞ்சி ஸ்கிரீன் மேலயே பட்டுச்சு. கோடு வுழல. முப்பத்தாறாம் நாளு, இடி, மழை. எதிர் லாட்ஜுல டிவி போயிடுச்சு. நம்ம... இந்த டிவி ஓடிச்சு.

— மொத மூணு நாளு எங்க? நாலுலேருந்து ஆரம்பிக்கற?

— அதுல... பெருசா ஒண்ணியும் இல்ல மேடம். பக்கம் நனைஞ்சி போச்சு, மழையில.

— மூணு நாளை வெச்சிக்கினு இன்னாக்கா பண்ணப் போற? நாப்பத்தஞ்சு நாளு போதாதா? மேனேஜர் ஹரிபாபு கூட நேத்து போன்ல இன்னா சொன்னாரு? 'சால பாகுந்தி, எம்பது ரூமுக்கும் இதே டிவி காவாலி'ன்னாரு. ரொம்ப நல்லா கீதாம், எல்லா ரூமுக்கும் வேணுமாம். எந்தக் கம்பெனின்னு கூட அவருக்குத் தெரியாது. பேரைப் பாத்துச் சொல்லல, படத்தைப் பாத்துச் சொன்னாரு.

— இரு. தேன்மொழி, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. நீயா இருந்தா இந்த டிவியை வாங்குவியா?

— இந்த டிவியையா மேடம்?

— ஆமா. இதோ ஓடிக்கினு கீதே, இதை.

— வாங்குவேன் மேடம். இதைக் கண்ணை மூடிக்கினு வாங்கலாம்.

— வேலை போயிடும்னு பயந்துக்கினு சொல்லாத. அது எனக்கு வேணாம்.

— பயம் இல்லாம எப்பிடி மேடம் இருக்கும்? எங்க ஊட்டுக்காரருக்கு முதுவுல ஆபரேசன் பண்ணி ஒரு வருஷம் ஆச்சு, வூட்லயே தான் கீறாரு. கூட வேலை செய்யற பிரியங்காவுக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. ஒவ்வொருத்திக்கும் ஒரு கஷ்டம் கீது. முப்பத்திரெண்டு பேரும் இன்னிக்கிக் காலைல தாயார் கோயில்ல தேங்கா ஒடைச்சிட்டுத் தான் வந்தோம். ஆனா மேடம், அது வந்து...

— எழிலரசன் கூப்புடறான்க்கா! பதினொண்ணு அம்பது. இன்னா சொல்லட்டும்? எடுக்கட்டுமா, கட் பண்ணட்டுமா?

— ரெண்டு நிமிஷத்துல நானே கூப்புடறேன்னு சொல்லு.

— ஹலோ, எழில்... ரெண்டே நிமிஷம்ப்பா. அக்கா பேசும். ஆமா, பன்னெண்டுக்குள்ள. வாக்கு, வாக்கு. சொல்லிட்டேன்க்கா. இப்ப நீ சொல்லு.

— சொல்றேன், கேட்டுக்கோ. உன் போர்டை நான் நம்பல ஜெயா. உன் செவப்பையும் நம்பல. கோச்சிக்காத.

— அப்ப வேணாங்கற. சரி. கெளம்பலாம் வா.

— முழுசாக் கேளுடா. நான் இந்தப் பொண்ணை நம்பறேன். நீ மெட்ராஸ் போனியே, அந்தக் கோடையில, எரிஞ்ச பொட்டியெல்லாம் தள்ளு வண்டியில வெச்சி என்னோட சேந்து தள்ளினது யாருன்னு நெனச்ச? இவ தான். அப்ப இவளுக்குப் பதினெட்டு வயசு. செருப்பு கூட இல்ல. ஒரு வூட்ல ஒருத்தன் என் மேல கை ஓங்கினான், குறுக்க வந்து நின்னா. அம்மா சாவறதுக்கு முன்னாடி இவ கையைப் புடிச்சிக்கினு, 'என் பேரை நீ பாத்துக்கோடி'ன்னு சொல்லிச்சு. என்னாண்ட சொல்லல. உன்னாண்டயும் சொல்லல. இவளாண்ட சொல்லிச்சு. இவ எழுதினா எழுதினது தான். குடு போனை.

— அக்கா...

— மேடம், ஒரு நிமிஷம் மேடம்.

— இரும்மா, ரிங் போவுது. ஹலோ, எழிலரசா? நான் தாட்சாயணி பேசறேன். எடுத்துக்கறோம்ப்பா. ரெண்டாயிரமும் எடுத்துக்கறோம். ஆமா, எங்க பேர்லயே தான். இன்னா பேரா? சென்னம்மா டிவி. இன்னிக்கிச் சாயந்தரமே லாரி அனுப்பறோம். அந்த இன்னொரு ஆளைப் போவச் சொல்லிடு. சரிப்பா. வெக்கறேன்.

— அக்கா! கால்ல வுழட்டுமா உனக்கு?

— எழுந்துர்றா, ஜனம் பாக்குது. இந்தா, உன் போனு. மனசு லேசா கீது. ரொம்ப நாளைக்கப்பால லேசா கீது. தேன்மொழி, ரூமு மூடலன்னு அல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லு. மொத டிவியை நீ கோக்கணும், இன்னா? ஏய், இன்னாத்துக்குடி அழுவற? சந்தோசமான நாள்ல?

— பன்னெண்டு ஆவ எத்தினி நிமிஷம் கீது மேடம்?

— ஆறு. எதுக்கு?

— அந்த ரேணிகுண்டா சாரு, அந்த இன்னொரு கம்பெனிக்காரரை அனுப்பிட்டு இருப்பாரா?

— இப்ப தானே சொன்னேன், இன்னும் கேட்டாண்ட தான் நிப்பான். அவன் பாடு நமக்கு எதுக்கும்மா?

— திரும்ப ஒரு தபா அவருக்குப் போன் போடுங்க மேடம்.

— போட்டு இன்னான்னு சொல்ல? பித்துக்குளி மாதிரிப் பேசாத. வாக்கு குடுத்தாச்சு.

— அதெல்லாம் அப்பால பேசிக்கலாம்க்கா! ஹரிபாபு சார், ஆ நிச்சென இட்லா இவ்வண்டி! ஆமா, அந்த ஏணி தான். பலகையைக் கழட்டப் போறேன். ஜனமெல்லாம் பாக்கட்டும், இது எந்தூருக்காரன் செஞ்ச டிவின்னு. நாப்பத்தெட்டு நாளு ஒளிச்சி வெச்சோம், போதும்.

— பாத்து ஏறு ஜெயா. வுழுந்து தொலைக்காத.

— சார், ஏறாதீங்க சார். வேணாம் சார்.

— ஏம்மா? ஒரு ஸ்குரூ தான் கீது, இந்தப் பக்கம்.

— தேன்மொழி, இன்னாடி ஆச்சு உனக்கு? அவன் காலை வுடு. ஏணியோட வுழுந்துடுவான்.

— வுட மாட்டேன் மேடம். கழட்டக் கூடாது.

— கழட்டினா இன்னாம்மா ஆயிடும்? நம்ம டிவி தானே!

— நம்ம டிவி மூணாம் நாளே நின்னுபோச்சு சார். ரூமை மூடிடுவாங்களேன்னு பயந்துக்கினு, முப்பத்திரெண்டு பேரும் கூடிப் பேசி, எங்க வூட்டு டிவியைக் கழட்டியாந்து நான் தான் சார் அந்தப் பலகைக்குள்ள மாட்டினேன்.